இடைவிட்டுப் பயிலும் குழு உடற்பயிற்சி: நமக்குப் பயன்படுமா?

உழைப்பே உடலுக்கு உரம் என்பது தோட்டப்புறத் தமிழர் பட்டறிவால் கண்ட உண்மை. பொழுது புலருமுன் பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, கையில் கத்தியும் நெற்றியில் விளக்குமாக நிரையில் இறங்கிய பால்வெட்டுத் தொழிலாளி, மரம் மரமாக விரைந்து நடந்து சீவுவார். மங்குகளில் பால் வடியும் வரை சிறிது ஓய்ந்திருப்பார். பின்னர் மரந்தோறும் மீண்டும் சென்று பாலைச் சேர்ப்பார். நிறைந்த வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் ஏற்றி ஸ்டோருக்குச் சுமப்பார். விரைவு, ஓய்வு, மீண்டும் விரைவு என்னும் ஒழுங்கு அவருடைய வேலையிலேயே அமைந்து கிடந்தது. அவ்வாழ்வில் வறுமையும் நோயும் மிகுந்திருந்தன. அதனைப் பொற்காலமென்று புகழ வேண்டியதில்லை. எனினும் உடற்பயிற்சி என்ற ஒன்றை அவருக்கு எவரும் தனியே கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று நிலைமை வேறு. மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில் உள்ள ரெம்பியாவையும், அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் சிற்றூர்களையும் எடுத்துக் கொள்வோம். கித்தா மரங்கள் நின்ற நிலத்தின் பெரும்பகுதியில் செம்பனை நிற்கின்றது. வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்சாலைகளும் எழுந்துள்ளன. பால்வெட்டுத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் ஆலையில் இயந்திரத்தின் முன்னும், அலுவலகத்தில் கணினியின் முன்னும் எட்டு மணி நேரம் இருக்கின்றனர். வேலைக்கும் மோட்டார் சைக்கிள், கடைத்தெருவுக்கும் மோட்டார் சைக்கிள். உழைப்பு குறைந்தது, உணவோ குறையவில்லை.

இதன் விளைவை எண்கள் காட்டுகின்றன. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே மட்டும் அது ஏறத்தாழ 31 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023-ஆம் ஆண்டின் ஆய்வில் நாடு தழுவிய நீரிழிவு அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்து காணப்பட்டது. ஆயினும் போதிய உடலியக்கம் இல்லாதோர் ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்தனர். ஆகவே உடற்பயிற்சி என்பது நம் சமுதாயத்திற்கு அழகுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ எழுந்த கேள்வியன்று. கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் காப்பதற்கான கேள்வி அது.

இந்நிலையில், பெருநகரங்களில் பரவியுள்ள ஒரு புதுவகைப் பயிற்சி வகுப்பைப் பற்றி நம்மவரும் கேட்கத் தொடங்கியுள்ளனர். பத்து இருபது பேர் ஓரறையில் கூடுவர். பயிற்றுநர் ஒருவர் நடுவில் நின்று ஆணையிடுவார். சில நொடிகள் விசையோடு இயங்கி, சில நொடிகள் தளர்ந்து, மீண்டும் விசையோடு இயங்குவர். அமெரிக்காவின் புளோரிடாவில் 2010-இல் தொடங்கிய ஆரஞ்ச்தியரி, ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பிறந்த எஃப்-45 ஆகிய நிறுவனங்கள் இவ்வகையில் பெயர் பெற்றவை. இவ்வகுப்புகள் முயன்று பார்க்கத் தக்கவையா, நம்மூர்த் திடலில் நாமே நடத்தத் தக்கவையா என்பதை ஆராய்வோம்.

பெயரும் பொருளும்

இப்பயிற்சிக்கு 'இடைவேளைப் பயிற்சி' என்று சிலர் பெயரிடுவர். இடைவேளை என்றதும் திரைப்படக் கொட்டகையே நம்மவர் நினைவுக்கு வருமாதலால், 'இடைவிட்ட பயிற்சி' என்று இங்கே வழங்குவோம். தொடர்ந்து ஒரே வேகத்தில் ஓடுவதும் நடப்பதும் தொடர் பயிற்சி. விரைவும் தளர்வும் மாறி மாறி வருவது இடைவிட்ட பயிற்சி. இதில் தளர்வு என்பது வேலை நிறுத்தமன்று. அடுத்த விரைவுக்கு உடலை ஆயத்தம் செய்யும் பகுதி அது. செய்யுளில் சீருக்கும் சீருக்கும் இடையே நிற்கும் இடம் போன்றது.

இது நமக்கு முற்றிலும் புதியதுமன்று. சடுகுடு ஆட்டத்தை நோக்குக. பாடிச் செல்பவர் எதிரணியின் எல்லைக்குள் பாய்ந்து, தாவி, முட்டி, மூச்சடக்கித் திரும்புகிறார். இன்றைய கபடி விதிப்படி அதற்கு அவர் பெறும் நேரம் 30 நொடியே. பின்னர் வேறொருவர் பாடிச் செல்ல, இவர் தம் வரிசையில் நின்று மூச்சைத் திரும்பப் பெறுகிறார். சிலம்பத்திலும் வீச்சும் நிற்பும் மாறி மாறி வரும். விளையாட்டாக நாம் அறிந்திருந்ததை மேலைநாட்டார் அளந்து, கணக்கிட்டு, முறைப்படுத்தினர் எனலாம்.

முறை வளர்ந்த வரலாறு

ஜெர்மனியில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்னும் பயிற்றுநரும் ஹெர்பர்ட் ரைண்டல் என்னும் இதயநோய் மருத்துவரும் சேர்ந்து இம்முறையை ஆராய்ந்தனர். குறுகிய தொலைவை விரைந்து ஓடச் செய்து, நாடித் துடிப்பு ஓரளவுக்கு இறங்கும் வரை காத்திருந்து, மீண்டும் ஓடச் செய்தனர். கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ப் ஹார்பிக் 1939-இல் மிலான் நகரில் 800 மீட்டர் தொலைவை 1 நிமிடம் 46.6 நொடியில் ஓடினார். அச்சாதனையை 1955 வரை ஒருவராலும் முறியடிக்க முடியவில்லை. செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக், 400 மீட்டரை விரைந்தோடுவதும் இடையே மெல்லோட்டம் ஓடுவதுமாகப் பலமுறை திரும்பத் திரும்பப் பயின்றவர். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் அவரே வென்றார்.

1996-இல் ஜப்பானிய அறிஞர் இசுமி தபாத்தாவும் அவர் குழுவினரும் 20 நொடி விசை, 10 நொடி ஓய்வு என ஏழெட்டு முறை செய்யும் பயிற்சியின் பயனை வெளியிட்டனர். பனிச்சறுக்கு விரைவோட்ட வீரர்களுக்காக ஒரு பயிற்றுநர் வகுத்த முறை அது. இன்று எந்தக் குதிப்புக்கும் 'தபாத்தா' என்று பெயர் சூட்டப்படுகின்றது. உண்மையில் அவ்வாய்வில் பங்கு கொண்டோர் இளைஞர். அவர்கள் நிலைமிதிவண்டியில் தம் ஆற்றல் தீரும் வரை மிதித்தவர்கள். அதே பெயரை நம்பி ஐம்பது வயதினர் அதே கடுமையில் இறங்குவது தகாது.

உடலில் நிகழ்வது யாது?

விசையோடு இயங்கும்போது தசைகள் மிகுந்த உயிர்வளியைக் கேட்கின்றன. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிகக் குருதியைத் தள்ள முயல்கின்றது. தளர்வுப் பகுதி இடையே வருவதால், தொடர்ந்து செய்ய இயலாத கடும் இயக்கத்தைக் கூறு கூறாகப் பிரித்து மொத்தத்தில் நெடுநேரம் செய்ய முடிகின்றது. சிறப்பின் மூலம் இதுவே. மூட்டை முழுவதையும் ஒரே நடையில் சுமக்க முடியாதவர், பகுத்துப் பல நடையாகச் சுமந்து சேர்ப்பது போன்றது.

இரண்டாவது பயன் சர்க்கரையைப் பற்றியது. தசைகள் தமக்குள் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரைப் பொருளை விரைவியக்கத்தில் செலவிடுகின்றன. பின்னர் அந்தச் சேமிப்பை நிரப்பக் குருதியிலிருந்து சர்க்கரையை இழுத்துக் கொள்கின்றன. இயங்கும் தசை இன்சுலினின் துணை குறைவாக இருந்தபோதும் சர்க்கரையை ஏற்கும் இயல்புடையது. பயிற்சிக்குப் பின் ஒன்றிரண்டு நாள் வரை இன்சுலினுக்கு அது நன்கு செவி சாய்க்கின்றது. ஆகவேதான் இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியை விடலாகாது என்பர்.

ஆராய்ச்சி சொல்வதும் சொல்லாததும்

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலா குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு புகழ் பெற்றது. உடலியக்கம் குறைந்த ஆண்கள் சிலர் 12 வாரம், வாரத்துக்கு மூன்று முறை பயின்றனர். ஒரு குழுவினர் 10 நிமிடப் பயிற்சியில் மும்முறை 20 நொடி மட்டும் முழு விசையோடு மிதித்தனர். மற்றொரு குழுவினர் 45 நிமிடம் ஒரே சீராக மிதித்தனர். உயிர்வளியைப் பயன்படுத்தும் திறன் இரு குழுவிலும் ஏறத்தாழ 19 விழுக்காடு உயர்ந்தது. நேரம் குறைந்தும் பயன் குறையவில்லை என்பது இதன் பாடம். ஆனால் பங்கேற்றோர் முப்பதுக்கும் குறைவானவரே என்பதையும் மறத்தலாகாது.

நீரிழிவுக்காரருக்கு நேரே பயன்படும் செய்தி டென்மார்க்கிலிருந்து வருகின்றது. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உடையோரில் ஒரு பகுதியினர் மூன்று நிமிடம் விரைந்தும் மூன்று நிமிடம் மெதுவாகவும் மாறி மாறி நடந்தனர். மற்றொரு பகுதியினர் ஒரே சீராக நடந்தனர். செலவிட்ட ஆற்றல் இரு பகுதிக்கும் சமமே. நான்கு மாத முடிவில் இடைவிட்டு நடந்தவரிடம் சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டது. இந்நடைமுறையை முன்னரே ஜப்பானின் மட்சுமோட்டோ நகரில் முதியோரிடையே பரப்பியிருந்தனர். அங்கு 2007-இல் வெளியான ஆய்வில் தொடை வலிமை உயர்ந்ததும் குருதியழுத்தம் இறங்கியதும் தெரிய வந்தன. ஓட்டமும் இல்லை, குதிப்பும் இல்லை, நடை ஒன்றே.

மறுபக்கத்தையும் கூற வேண்டும். நார்வேயின் துரோந்தைம் நகரில் 70 முதல் 77 வயதுக்குட்பட்ட 1,567 பேரை ஐந்தாண்டுக் காலம் கவனித்து 2020-இல் முடிவை வெளியிட்டனர். இடைவிட்ட கடும் பயிற்சி செய்த குழுவில் 3.0 விழுக்காட்டினரும், நடுத்தரத் தொடர் பயிற்சிக் குழுவில் 5.9 விழுக்காட்டினரும், நாட்டின் பொது அறிவுரைப்படி இயங்கிய குழுவில் 4.7 விழுக்காட்டினரும் இறந்தனர். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக் கூடியது என்பதே கணக்கியல் முடிவு. எனவே இடைவிட்ட பயிற்சி ஆயுளை நீட்டும் மந்திரம் என்று விளம்பரம் செய்வாரை நம்ப வேண்டுவதில்லை.

நம்மினத்தாரிடையே நடந்த ஆய்வும் ஒன்றுண்டு. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் சென்னையைச் சார்ந்த குழுவினர், நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கவனித்து 2006-இல் முடிவை அறிவித்தனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவரில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவைச் சீராக்கி, நாள்தோறும் அரை மணியேனும் விரைந்து நடக்குமாறு தொடர்ந்து ஊக்கப்பட்டவரில் 39.3 விழுக்காட்டினருக்கே வந்தது. எளிய நடையும் இடைவிடாத ஊக்கமும் இத்துணை பயன் தருமாயின், ஒளிவிளக்கும் பேரிசையும் நிறைந்த அறை இன்றியமையாததன்று என்பது தெளிவு.

குழுவின் வலிமை

அங்ஙனமாயின் குழு எதற்கு, பயிற்றுநர் எதற்கு என்னும் வினா எழும். தனியே தொடங்கிய நடை மூன்றாம் வாரத்தில் மழையாலோ சோம்பலாலோ நின்று போவது உலகியல்பு. நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்னும் எண்ணமே பாதிப் பயிற்சி.

1920-களில் ஜெர்மானிய உளவியலார் ஓட்டோ கோலர், படகு வலிப்போரைக் கொண்டு பளு தூக்கும் சோதனை நடத்தினார். இருவர் சேர்ந்து தூக்கியபோது, இருவரில் வலிமை குறைந்தவர் தனியே தூக்கியதைவிட நெடுநேரம் தாக்குப்பிடித்தார். இருவர் வலிமைக்கும் இடையே மிதமான வேறுபாடு இருந்தபோதே இவ்விளைவு மிகுந்தது. வேறுபாடு பெரிதாயின் வலிமை குறைந்தவர் ஊக்கம் இழந்தார். வகுப்பறையில் நாள்தோறும் மாணவரைக் காணும் ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தியன்று. இருபது வயது இளைஞரையும் அறுபது வயது அம்மையாரையும் ஒரே வேகத்தில் ஓட விடும் வகுப்பு இருவருக்கும் பயன்படாது. ஒரே நேரத்தில், ஒரே மணியோசைக்கு, அவரவர் வேகத்தில் இயங்குவதே நல்ல குழு.

பயிற்றுநரின் கண்ணே இவ்வகுப்பின் உயிர். 'இன்னும் விரைக' என்று கூவுவது எளிது. முழங்கால் உள்நோக்கிச் சாய்வதையும், முகம் வெளிறுவதையும், பேச்சுக் குழறுவதையும் கண்டு 'நீங்கள் நில்லுங்கள் அம்மா' என்று சொல்லத் தெரிந்தவரே பயிற்றுநர். புதிதாக வருபவரிடம் நோயையும் உண்ணும் மருந்தையும் கேளாமல் முதல் நாளே குதிக்கச் சொல்லும் இடத்திலிருந்து விலகுதலே நன்று. வாந்தி வரும் வரை பயில்வதைப் பெருமையாகப் பேசும் இடமும் அத்தகையதே. பழக்கமற்ற உடலை ஒரேநாளில் வருத்தினால் தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குவதும் உண்டு. பயிற்சிக்குப் பின் சிறுநீர் கறுத்துத் தேநீர் நிறமாக வந்தால் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

கடுமையை அளக்கும் முறை

220-லிருந்து வயதைக் கழித்து வருவதை உச்ச நாடித் துடிப்பாகக் கொள்ளும் கணக்கு பல வகுப்புகளில் வழக்கத்திலுள்ளது. இதில் ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறக் கூடும். குருதியழுத்தத்துக்குச் சிலவகை மாத்திரை உண்போருக்கு இக்கணக்கு பொருந்தவே பொருந்தாது. அம்மாத்திரைகள் துடிப்பை உயர விடுவதில்லை.

இதனினும் எளியது பேச்சுச் சோதனை. தமிழாசிரியர்கள் இதனைத் தமக்கேற்ப இவ்வாறு அமைத்துக் கொள்ளலாம். இயங்கிக் கொண்டே ஒரு குறளைச் சொல்லிப் பார்க்கவும். ஏழு சீரையும் தங்கு தடையின்றி இசையோடு சொல்ல முடிந்தால் இயக்கம் மென்மையானது. சொல்ல முடிந்தும் பாட முடியாவிட்டால் நடுத்தரம். இரண்டு மூன்று சீருக்கு ஒருமுறை மூச்சு வாங்க நேர்ந்தால் அது விரைவியக்கம். ஒரு சீரும் வாயில் எழாவிட்டால் எல்லை கடந்தது. தொடக்கக்காரர் அங்கே செல்லலாகாது.

எவர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்?

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், காரணமற்ற மயக்கம், படுத்தால் மூச்சுத் திணறல் ஆகியவை உள்ளோர் மருத்துவரைக் காணாமல் இப்பயிற்சியைத் தொடங்கலாகாது. இதயநோய் உடையோரும் கட்டுப்படாத குருதியழுத்தம் உடையோரும் அங்ஙனமே. இன்சுலின் போடுவோருக்கும், கணையத்தைத் தூண்டும் மாத்திரை உண்போருக்கும், பயிற்சியின்போதோ பின்னரோ சர்க்கரை மிகவும் இறங்கி விடலாம். அவர்கள் சர்க்கரை மிட்டாயேனும் இனிப்பு நீரேனும் கையில் வைத்திருத்தல் வேண்டும். நீரிழிவால் விழித்திரையில் பாதிப்பு உள்ளோர் பளு தூக்குவதும் குதிப்பதும் ஆபத்து. பாதத்தில் உணர்ச்சி குன்றியோர் ஒருபோதும் வெறுங்காலுடன் பயிலாமல், சப்பாத்தணிந்து, பயிற்சி முடிந்ததும் பாதத்தைப் பார்த்துக் கொள்ளுதல் வேண்டும். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குருதியழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக் கொண்டு தொடங்குவது யாவர்க்கும் நன்று.

நம் தட்பவெப்பமும் கருதத் தக்கது. இந்நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வை உலர்ந்தாலன்றி உடல் குளிர்வதில்லை. ஆதலால் நண்பகல் வெயிலைத் தவிர்த்து, காலையிலோ மாலை 6 மணிக்கு மேலோ பயிலுதல் வேண்டும்.

ரெம்பியாவில் செய்யத் தக்கது

மாதக் கட்டணம் செலுத்தி நகரத்து வகுப்புக்குச் செல்ல வசதியுள்ளோர், நல்ல பயிற்றுநர் இருப்பாராயின் தாராளமாகச் சென்று பார்க்கலாம். வசதியில்லாதோர் வருந்த வேண்டியதில்லை. வேண்டுவன நான்கே: சமமான ஒரு திடல், ஒரு கடிகாரம், ஓர் ஊதல், பொறுப்புள்ள ஒருவர். பள்ளித் திடலும் பொது மண்டபமும் இதற்குப் போதும். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படும் நாடு இது. அந்த ஒருநாள் எழுச்சியை வாரந்தோறும் வரும் வழக்கமாக மாற்றுவதே நம் வேலை.

தொடக்கத்துக்கு மட்சுமோட்டோ முறையே ஏற்றது. ஐந்து நிமிடம் மெல்ல நடந்து உடலைச் சூடேற்றுக. பின்னர் ஊதல் ஒலித்ததும் மூன்று நிமிடம் விரைநடை. மீண்டும் ஒலித்ததும் மூன்று நிமிடம் மென்னடை. இவ்வாறு ஐந்து முறை செய்தால் 30 நிமிடமாகும். இறுதியில் ஐந்து நிமிடம் மெல்ல நடந்து ஓய்க. வாரத்துக்கு நான்கு நாள் போதும். முதல் இரு வாரம் இரண்டு மூன்று முறை செய்தாலே போதுமானது. வாரத்தில் இரு நாள், நாற்காலியில் அமர்ந்து எழுதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல் போன்ற தசை வலிமைப் பயிற்சிகளையும் சேர்க்கவும். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிவுரை, வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர இயக்கமோ, 75 முதல் 150 நிமிடம் கடும் இயக்கமோ செய்ய வேண்டும் என்றும், இரு நாளேனும் தசைப்பயிற்சி வேண்டும் என்றும் கூறுகின்றது. மேற்கண்ட ஏற்பாடு அவ்வளவை எட்டிவிடும்.

பெண்களின் நிலையைத் தனியே கருதுதல் வேண்டும். ஆலை வேலை முடிந்து வந்து, சமையலும் முடித்த பிறகு 'உடற்பயிற்சி செய்யுங்கள்' என்பது சொல்வார்க்கு எளிது. குழந்தைகளைப் பார்த்துக் கொள்ள ஒருவர், உடன் நடக்க நாலு பெண்கள், விளக்கு வெளிச்சம் உள்ள இடம் ஆகியவற்றை அமைத்துக் கொடுத்தாலன்றி அவர்கள் வர இயலாது. குழு வகுப்பின் தலையாய நன்மை, இவ்வேற்பாட்டுக்கு அது ஒரு காரணமாக அமைவதே.

ஒன்றை நினைவில் கொள்ளுதல் நலம். பயிற்சி செய்துவிட்டோம் என்னும் தெம்பில் இரண்டு ரொட்டி சானாயும் ஒரு கோப்பை தே தாரிக்கும் உண்டால் கணக்கு நேராகி விடும். ஒரு ரொட்டி சானாயில் மட்டும் ஏறத்தாழ 300 கலோரி உண்டு. அரைமணிப் பயிற்சியின் செலவை அது ஒன்றே ஈடு செய்யக் கூடும். எடை இறங்கவில்லை என்று சோர்வதும் தவறு. எடை இறங்கா முன்பே இதயத்தின் திறனும் சர்க்கரையின் அளவும் சீர்படத் தொடங்கும். ஆகவே இடுப்பளவையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி சோதனையையும் அளவுகோலாகக் கொள்க. ஆசிய ஆடவருக்கு 90 சென்டிமீட்டருக்கும், மகளிருக்கு 80 சென்டிமீட்டருக்கும் இடுப்பளவு உட்பட்டிருத்தல் நலம்.

முடிவு

ஆராய்ந்தவற்றால் பெறப்படுவது யாதெனில், இடைவிட்ட குழுப் பயிற்சி முயன்று பார்க்கத் தக்கதே. அதன் பயன் தொடர் நடையின் பயனுக்குக் குறைந்ததன்று. நேரம் குறைந்தோருக்கும் சர்க்கரை மிகுந்தோருக்கும் சற்றே கூடுதலாகவும் உதவும். அதன் விலை மதிப்பு விளக்கிலும் இசையிலும் இல்லை. விரைவும் ஓய்வும் முறையாக மாறி வருவதிலும், உடன் நடப்பார் துணையிலும், நிறுத்தச் சொல்லத் தெரிந்த பயிற்றுநரிடத்திலும் இருக்கின்றது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் கட்டணம் வீண்.

மூன்று மாதம் முயன்று, முன்னும் பின்னும் அளந்து பார்ப்பதே நேரிய வழி. நம் பாட்டன்மார் வயிற்றுக்காகச் செய்த உழைப்பு அவர்கள் உடலைக் காத்தது. அவ்வுழைப்பு நீங்கிய காலத்தில் வாழும் நாம், வாரத்தில் நான்கு அரைமணியை நாமே முயன்று ஒதுக்க வேண்டியவராக இருக்கிறோம். தமிழாசிரியர் ஒருவர் ஊதலைக் கையிலெடுத்து, பெற்றோரைப் பள்ளித் திடலுக்கு அழைப்பாராயின், மாணவர் கற்கும் பாடங்களுள் அதுவும் ஒன்றாகும்.